ஐப்பசி வருகிறது: கடைக் கணினிக்கும் கல்லாவுக்கும் இந்த வார வேலைகள்

தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிவிட்டது. குடோனில் ஒழுகும் இடம் பார்த்துத் தார்ப்பாய் போட்டாயிற்று. ஆனால் கடன் பாக்கி, சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்கு என்று மொத்த வியாபாரத்தையும் சுமக்கிற கணினி மட்டும் பல கடைகளில் மேசைக்கு அடியில் தரையோடு தரையாகக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையும் பண்டிகைக் கூட்டமும் கைகோத்துத்தான் வரும். இரண்டும் தொடங்குமுன் சிறு வியாபாரிகள் முடித்துவைக்க வேண்டிய வேலைகள் இவை.

மழைக்கு முன்

முதலில் கணினியைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. அதே 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. சி.பி.யு., யு.பி.எஸ்., ரௌட்டர் மூன்றும் இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்கட்டும். அப்படியும் நனைந்துவிட்டால், 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சுவிட்சைத் தட்டக் கூடாது. மெக்கானிக் பிரித்துக் காயவைக்கும்வரை மின்சாரமே காட்டக் கூடாது.

யு.பி.எஸ். பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் சோர்ந்துவிடும். கடை சாத்தும் நேரத்தில், பில் எதுவும் பாதியில் நிற்காதபோது, அதன் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஐந்து நிமிடம்கூடத் தாங்காவிட்டால் புதிய பேட்டரிதான் வழி. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டியிருந்தால் கழற்றிவிடலாம். சூடேறும் நொடியில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யு.பி.எஸ். தாங்காது.

அடுத்தது பேக்கப். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'தினமும் எடுக்கிறோம்' என்பார்கள். பார்த்தால் அந்தப் பேக்கப் அதே கணினியின் டி டிரைவில் இருக்கும். வெள்ளமோ வைரஸோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று கடைக்கு வெளியே என்பது கணினித் துறையில் பழகிய கணக்கு. கடைக்காரருக்கு அது கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. ஹார்டு டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். செருகியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

எடுத்த பேக்கப் திறக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். டேலி பிரைமில் ஆல்ட், ஒய் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பேக்கப், ரீஸ்டோர் இரண்டும் வரும். புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி பில் எண் வருகிறதா என்று சரிபார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரிலேயே செய்தால் இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறி உட்கார்ந்துவிடும்.

மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 கெடு 11-ஆம் தேதி, 3பி கெடு 20-ஆம் தேதி. மழையில் நெட் போகும் என்பதால் நான்கு நாள் முன்பே அனுப்பிவிடுவது நிம்மதி.

கூட்டத்துக்கு முன்

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் இரவோடு இரவாகக் கடைகளின் கியூஆர் அட்டைகள் மேல் வேறு ஸ்டிக்கர்களை ஒட்டிவிட்டுப் போனார்கள். பணம் யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. ஸ்கேன் செய்த வாடிக்கையாளரின் போனில் வேறொருவர் பெயர் வந்ததால்தான் மருந்துக்கடை ஒன்றில் விஷயம் வெளிப்பட்டது. தினமும் கடை திறந்ததும் சொந்த போனில் ஒருமுறை ஸ்கேன் செய்து பெயரைப் பார்த்துக்கொண்டால் போதும். அட்டையை ராத்திரி உள்ளே எடுத்துவைப்பது இன்னும் நல்லது.

'பணம் போயிடுச்சுண்ணே' என்று வாடிக்கையாளர் நீட்டும் திரை சாட்சியாகாது. அதைப் போலியாகக் காட்டவே செயலிகள் இருக்கின்றன. சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும், அல்லது கடையின் சொந்தச் செயலியில் வரவு தெரிய வேண்டும். பண்டிகைக்கென்று வேலைக்குச் சேர்ந்த பையன்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது இது. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் பட்டியல், கல்யாணப் பத்திரிகை என்று எந்தப் பெயரில் வந்தாலும், ஃபைல் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் தொடக் கூடாது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அப்டேட் இல்லாத கணினி எளிதில் மாட்டும்: 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மேம்படுத்த முடியாத பழைய கணினியில் பில் மட்டும் போடலாம், நெட் பேங்கிங் வேண்டாம்.

பணம் போய்விட்டால்

உடனே 1930-க்கு அழைத்து, வங்கிக்கும் தெரிவித்து, சைபர்கிரைம் இணையதளத்தில் புகார் பதிய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். பேசும்போது பரிவர்த்தனையின் 12 இலக்க யு.டி.ஆர். எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிக் கல்லாவின் உள்பக்கம் இன்றே ஒட்டிவைக்கலாம்.