பட்டம் பெற்ற பிறகும் படிப்பு உண்டு



பி.டி.எஸ். பட்டம் பெற, ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. அதன்பின் ஒரு பல் மருத்துவர் முப்பது, நாற்பது ஆண்டுகள் சிகிச்சை அளிக்கிறார். அன்று கற்றது அத்தனை காலத்துக்கும் போதாது. எனவேதான் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2007இல் தொடர்கல்வி விதிமுறைகளைக் கொண்டுவந்து, ஐந்தாண்டுகளில் 150 புள்ளிகள் பெற வேண்டும் என்றது.

இதை மருத்துவர்கள் பார்க்கும் விதம் ஒன்றல்ல. கற்கும் ஆசையோடு போகிறவர்கள் உண்டு. புள்ளிக்காகக் கையெழுத்திட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. கம்பத்திலோ போடியிலோ தனியாக கிளினிக் நடத்துபவர், மதுரைக்கோ சென்னைக்கோ வகுப்புக்குப் போனால் அன்றைய வருமானம் போகும். கட்டணமும் பயணச் செலவும் வேறு. அவர்களுடைய சிரமமும் நியாயமானதே.

ஆனால் கற்றதைப் புதுப்பிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாணியம்பாடி ஒரு பாடம். 2023இல் அங்குள்ள ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்னும் கிருமித் தொற்று ஏற்பட்டு, 8 பேர் இறந்தனர். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்களின் அறிக்கை 2025இல் வெளியானது. சலைன் பாட்டிலை அறுவைக் கருவியால் திறந்து, பஞ்சால் லேசாக மூடி, மறுபடி மறுபடி பயன்படுத்தியதே தொற்று பரவிய வழி என்று அது கூறியது. பல் பிடுங்கும் கைத்திறன் ஒன்று. கிருமி நீக்க ஒழுங்கு மற்றொன்று. பழகிவிட்ட தவறு கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டித் தருவதே தொடர்கல்வி.

நம் குடும்பங்கள் செய்ய வேண்டியவை:

1. மருத்துவரின் பட்டமும் பதிவு எண்ணும் சுவரில் உள்ளனவா எனப் பாருங்கள்.

2. கருவிகள் ஆட்டோகிளேவில் சுத்தம் செய்யப்படுகின்றனவா என்று கேளுங்கள். கொதிநீர் மட்டும் எல்லாக் கிருமிகளையும் கொல்லாது. அழுத்த நீராவி 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் வேண்டும்.

3. ஊசியும் கையுறையும் புதியவையா, சலைன் பாட்டில் உங்களுக்காகத் திறக்கப்பட்டதா என்று கவனியுங்கள்.

4. சர்க்கரை நோய், இதய நோய், ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை எதையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள்.

5. பல் பிடுங்கிய பின் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால் தாமதிக்காமல் க.விலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பல் சிகிச்சை பெற்றதை அங்கே கூறுங்கள்.

கேட்பது மரியாதைக் குறைவல்ல. நோயாளியின் உடல் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நன்கு கற்றவர் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பல் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளிடமும் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

– செயலாளர்