தொக்கண சிகிச்சைக்குச் செல்லும் அங்கத்தினர் அறிய வேண்டியவை

நெசவும் வேளாண்மையும் உடலை வளைத்து வேலை வாங்கும் தொழில்கள். குழித்தறியில் அமர்வோர் கால்களைக் குழியில் இறக்கி மிதியை மாற்றி மாற்றி மிதிக்க, ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, மறு கை அச்சை அடிக்க, கழுத்தோ நாள் முழுவதும் துணியின் மீது கவிழ்ந்தே இருக்கிறது. நாற்று நடுவோர் இடுப்பை நிமிர்த்துவது வரப்பேறும்போதுதான். ஆகவே தோளும் இடுப்பும் நோகாத அங்கத்தினர் நம்மில் மிகச் சிலரே. சங்க அலுவலாகவோ உறவினரைக் காணவோ சென்னைக்கு வருவோரில் பலர், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் தொங்கும் 'மசாஜ்', 'ஸ்பா', 'ஆயுர்வேத சிகிச்சை' என்னும் பலகைகளைக் கண்டு, உள்ளே செல்லலாமா, சென்றால் என்ன செய்வார்கள் என்று கேட்பதுண்டு. சிலருக்குக் கூச்சம், சிலருக்கு அச்சம், வேறு சிலருக்கோ பத்தாண்டு வலி ஒரே நாளில் பறந்துவிடும் என்னும் நம்பிக்கை. இம்மூவரையும் மனத்திற் கொண்டே இப்பாடத்தை எழுதுகிறோம்.

பிடித்துவிடுதல் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 வகையாக வகுத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று தொக்கணம். அதனையும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாகப் பிரிப்பர். இவற்றுள் நம் வீட்டுப் பாட்டிமார் கையாள்வன தட்டல், பிடித்தல், அழுத்தல் ஆகிய மூன்றே. முறுக்கலும் இழுத்தலும் பயின்ற கைகளுக்கு மட்டுமே உரியவை. ஆயுர்வேதத்தில் உடலுக்கு எண்ணெய் தேய்ப்பதை அப்யங்கம் என்பர். ஸ்பாக்களில் 'ஸ்வீடிஷ்' என்னும் பெயரால் நடப்பதும் தடவுதல், பிசைதல், தட்டுதல் முதலியவையே. அவற்றை ஒழுங்குபடுத்தியவராகப் பெரும்பாலும் கருதப்படுபவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெட்ஸ்கர் என்னும் ஹாலந்து தேசத்து மருத்துவர். பெயரை மட்டும் ஸ்வீடன் தட்டிக்கொண்டது!

தென் சென்னைக்கு இத்துறையில் பழமை உண்டு. வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905-இல் மயிலாப்பூரில் வேங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையை நிறுவினார். அடையாற்றுக்குத் தெற்கே, மருந்தீசுவரர் கோயில் கொண்ட திருவான்மியூரில் இருப்பது 'இம்ப்காப்ஸ்'. சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்கள் தாங்களே அங்கத்தினராகச் சேர்ந்து, தரமான மருந்து கிடைக்க வேண்டுமென்று 1944-இல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம் அது. நாம் நூலுக்கும் உரத்துக்கும் செய்வதை அவர்கள் தைலத்துக்கும் சூரணத்துக்கும் செய்தார்கள். தைலங்களில் பலவற்றுக்கு நல்லெண்ணெயே அடிப்படை என்பதை எள் விளைவிக்கும் அங்கத்தினர் நினைவிற் கொள்ளலாம். தியாகராய நகரில் தங்குவோர் மாம்பலம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி, 2005-இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை அடையலாம். முதல் தடவை செல்வோர், மருத்துவர் பார்த்து எழுதித் தரும் இத்தகைய இடத்துக்கோ, தகுதி பெற்ற இயன்முறை மருத்துவரிடமோ செல்வதே நன்று என்பது நம் கருத்து. ஸ்பா என்பது களைப்பாற்றும் இடம், நோயறியும் இடமன்று.

இனி, எவர் செல்லலாகாது என்பதைப் பார்ப்போம். இதுவே இப்பாடத்தின் முக்கியமான பகுதி. காய்ச்சல், தோலில் புண் அல்லது தொற்று, புதிதாக அடிபட்ட வீக்கம், எலும்பு முறிவென்ற ஐயம் ஆகியவை இருக்கையில் பிடித்துவிடுதல் கூடாது. நெடும் பஸ் பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வெதுவெதுப்பாக வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக் கூடும். அதைப் பிசைந்தால் உறைந்த துண்டு நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இடத் தோள் வலியுடன் மார்பில் இறுக்கமும் வியர்வையும் கண்டால், அது தறியால் வந்த நோவென்று எண்ணித் தைலம் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இடுப்பு வலியுடன் கால் வலுவிழத்தல், தொடையிடுக்கு மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவை சேர்ந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். அங்கே ஒரு நாள் தாமதமும் காலைக் கெடுத்துவிடும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோர், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் ஆகியோர் தம் மருத்துவரைக் கேட்ட பின்னரே செல்லலாம். நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. கிழி ஒற்றடம் கொப்பளித்த பிறகே கண்ணுக்குத் தெரியும். ஆதலால் தைலத்தின் சூட்டைச் சிகிச்சையாளர் தம் கையில் சோதித்த பின்னரே காலில் இடும்படி கேட்க வேண்டும்.

உள்ளே சென்றவுடன் நல்ல இடத்தில் முதலில் கேள்விகள் கேட்பார்கள்: எங்கே வலி, எத்தனை நாளாக, வேறு நோய் என்ன, எந்த மருந்து உட்கொள்கிறீர்கள் என்று. கேளாவிடில் நாமே சொல்ல வேண்டும். 'தோள் வலி' என்பதுடன் நில்லாமல், கயிறு இழுக்கும் கை இது, நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம் அமர்கிறேன் என்று தொழிலையும் சொல்லுக. சென்னைச் சிகிச்சையாளரில் குழித்தறியைக் கண்டவர் குறைவு.

உடை களைவது பற்றிக் கூச்சம் வேண்டா. எவ்வளவு களைவது என்பது நம் விருப்பம். ஆயுர்வேத நிலையங்களில் கோவணம் போன்ற துணி தருவார்கள். பிற இடங்களில் போர்வையால் மூடி, கை வைக்கும் பகுதியை மட்டும் திறப்பார்கள். ஆடவருக்கு ஆடவரும் மகளிருக்கு மகளிரும் செய்வதே வைத்தியசாலை வழக்கம். மகளிர் துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். அறையில் காமிரா உண்டா என்று கேட்பதும் குற்றமன்று. ஸ்பாக்களில் காமிரா வேண்டுமென 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட, அது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்று 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் மற்றொரு நீதிபதி கூறினார். நீதிபதிகளே மாறுபட்ட விஷயத்தில் நாம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறென்ன? சிகிச்சைக்குத் தொடர்பற்ற இடத்தில் கைபட்டால் 'போதும்' என்று எழுந்து வந்துவிடும் உரிமை எவருக்கும் உண்டு.

மரப்பலகையிலோ மெத்தை மேசையிலோ படுக்கச் செய்து, வெதுவெதுப்பான தைலத்தைத் தடவி, மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி வரை ஆகலாம். இறுகிய சதையை அழுத்துகையில் சிறிது நோவது இயல்பே. மூச்சை அடக்கத் தோன்றும் அளவுக்கு வலித்தாலோ, மின்சாரம் பாய்வது போல் விரல் வரை ஓடினாலோ உடனே சொல்ல வேண்டும். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவரே நம்மில் அதிகம். நாம் சொன்னாலன்றி அவர் கைக்குத் தெரியாது.

கழுத்தைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. முடிதிருத்தும் நிலையங்களில் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பி 'சொடக்கு' எடுக்கிறார்கள். அந்த ஓசை இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வருவதற்கு அது ஏதுவாகக் கூடும். அரிதே எனினும், ஒரு சொடக்குக்காக அந்தத் துணிவு எதற்கு? எவ்விடத்திலும் கழுத்தைத் திடீரெனத் திருப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுக.

பயன் எவ்வளவு? இடுப்பு வலிக்கான மசாஜ் பற்றிய 25 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2015-இல் வெளியாயிற்று. வலி சிறிது காலத்துக்குக் குறைகிறது. நீண்ட காலப் பயன் காணப்படவில்லை. ஆய்வுகளின் தரமும் உயர்ந்ததன்று என்பது அதன் முடிவு. ஆகவே பதினான்கு நாள் சிகிச்சைக்கு மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னால் இணங்க வேண்டா. ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேட்டு, ரசீது பெற்று, இரண்டு மூன்று தடவைக்குப் பின் வலி குறைந்திருந்தால் தொடரலாம். புறப்படுமுன், உட்காரும் பலகையை உயர்த்தலாமா, கயிற்றை எந்த உயரத்தில் கட்டலாம், வீட்டில் செய்யத்தக்க பயிற்சி எது என்று கேட்டு வருக. கட்டணத்தில் பாதி இப்பதில்களுக்குத்தான் என்று நாம் கருதுகிறோம்.

சிகிச்சைக்குப் பின் சற்றே ஓய்ந்து, வெந்நீரில் குளிக்கலாம். மறுநாள் சதையில் லேசான நோவு இருக்கும். ஓரிரு நாளில் மறையும். அதற்கு மேல் நீடித்தாலும், மரத்துப்போனாலும் மருத்துவரிடம் செல்க. பட்டு நெய்வோர் கை, முழங்கை, நகக் கண் வரை பயற்றமாவு தேய்த்து எண்ணெய்ப் பசையை அறவே போக்கிய பின்னரே பாவில் கை வைக்க வேண்டும். பட்டில் ஏறிய தைலக் கறை எளிதில் போவதில்லை.