லொறி எந்தப் பக்கம் வருது? - காதைப் பற்றி ஒரு பாடம்



1977 கலவரத்துக்குப் பிறகு நம்ம மலையகத்துக் குடும்பங்கள் பல வன்னிக்குப் போய்க் குடியேறியது உங்களுக்குத் தெரியும். கிளிநொச்சியில் அப்படி இருக்கும் உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு நாம் போயிருந்தோம். 2009 யுத்தத்தில் பக்கத்தில் ஷெல் விழுந்து அந்த அண்ணனுக்கு இடது காது போய்விட்டது. "சத்தம் கேக்குது தம்பி, எந்தப் பக்கமிருந்து வருதுன்னுதான் தெரியல" என்றார். ஏ9 வீதியைக் கடக்க மகள் துணை வேண்டும்.

ஒரு காது நல்லாயிருந்தும் ஏன் இப்படி?

வலப் பக்கம் லொறி வந்தால் சத்தம் முதலில் வலது காதுக்கு வரும். இடது காதுக்குத் துளி பிந்தி வரும். ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை அந்தப் பிந்தல். தலை மறைப்பதால் அந்தக் காதில் சத்தமும் குறையும். இந்த இரண்டையும் வைத்துத்தான் மூளை திசையைப் பிடிக்கிறது. இங்கிலாந்து விஞ்ஞானி ரேலி பிரபு 1907இலேயே இதை விளக்கினார்.

இதை ஆராய்கிறவர்கள் நிஜ லொறியை ஓட்டிப் பார்ப்பதில்லை, சத்தத்தையே ஓட விடுகிறார்கள். எதிரொலி இல்லாத அறையில் ஆளை நடுவில் உட்காரவைத்து, சுற்றிவர ஒலிபெருக்கிகளை வைப்பார்கள். ஒன்றில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே அடுத்ததில் கூட்டினால், ஏதோ சுற்றி நடப்பதுபோல் இருக்கும். இன்னொரு வழி ஹெட்போன். கம்பியூட்டர் ஒரு காதுக்குச் சத்தத்தை முந்தியும் பலமாகவும், மற்றதுக்குப் பிந்தியும் மெதுவாகவும் கொடுக்கும். அந்த வித்தியாசத்தை மாற்றிக்கொண்டே போனால், இல்லாத லொறி ஒன்று நம்மைக் கடந்து போகும்! யாருக்குத் திசை தெரியவில்லை, கேட்கும் கருவி போட்டால் தெரிகிறதா என்று ஆபத்தில்லாமல் பார்க்கலாம்.

வீட்டிலும் செய்து பாருங்கள். பிள்ளையின் கண்ணைக் கட்டி உட்காரவைத்து, கரண்டியால் தட்டிக்கொண்டே சுற்றி நடங்கள். சத்தம் வரும் பக்கம் கை காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு காதைப் பொத்தச் சொல்லி மறுபடி செய்யுங்கள். கை தடுமாறும். இரண்டு காதும் திறந்திருக்கும்போதே இடமா வலமா என்று தடுமாறினால், வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி இரைச்சல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தானே மறுபக்கம் ஓடலாம்? ஆகவே காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், கோழி இறகு விட்டுக் குடையாதீர்கள். டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள். பெக்டரி மெஷின் பக்கம் வேலை செய்கிறவர்கள் காதடைப்பான் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

ஒரு காது கேட்காதவரோடு ரோட்டில் போனால், அவருக்குக் கேட்காத பக்கம் நீங்கள் நடங்கள். அந்த அண்ணனின் மகள் அப்படித்தான் நடக்கிறாள்.