வேலை என்றால் என்ன?

பொழுது புலருமுன் நம் பெற்றோர் “வேலைக்குப் போகின்றோம்” என்று கூறிப் புறப்படுகின்றனர். அறிவியல் பாடமும் ‘வேலை’ என்னும் அதே சொல்லைக் கையாளுகின்றது. ஆயினும் இரண்டும் ஒரே பொருளுடையன அல்ல. இவ்வேறுபாட்டை அறியாதவர் கணக்கில் தவறுவர். அரைகுறையாய் அறிந்தவரோ உழைப்பாளரைக் குறைவாக மதிக்கவும் கூடும்.

ஒரு பொருளைத் தள்ளவும் இழுக்கவும் தூக்கவும் நாம் செலுத்துவது விசை. பொருள் புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடம் வரை, திசையோடு அளக்கும் நேர்த்தொலைவு இடப்பெயர்ச்சி. விசையை, அவ்விசையின் திசையில் பொருள் பெயர்ந்த தொலைவால் பெருக்கினால் வேலையின் அளவு கிடைக்கும். விசையை நியூட்டனிலும், தொலைவை மீட்டரிலும், வேலையை ஜூலிலும் அளக்கின்றோம். ஜூல் என்பது ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் (1818–1889) என்னும் ஆங்கிலேய அறிஞரின் பெயராகும்.

20 கிலோகிராம் செம்பனைக் குலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராமைத் தூக்க ஏறத்தாழ 9.8 நியூட்டன் விசை வேண்டும். ஆகவே குலைக்கு 196 நியூட்டன் வேண்டும். அதனை 1.5 மீட்டர் உயரமுள்ள லாரியில் ஏற்றினால், 196 × 1.5 = 294 ஜூல் வேலை நிகழ்கின்றது.

அதே குலையை 3 மீட்டர் நீளமுள்ள சாய்பலகை வழியே லாரிக்குத் தள்ளி ஏற்றுவோம். உராய்வைக் கணக்கிற் கொள்ளாவிடின் 98 நியூட்டன் விசையே போதும். 98 × 3 = 294 ஜூல். விசை பாதியாயிற்று, தொலைவு இரு மடங்காயிற்று, வேலை மட்டும் மாறவில்லை.

இனி ஒரு வினா. பால் நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்தவரை நம் முதியோர் நன்கு அறிவர். சமநிலத்தில் ஒரே சீராக அவர் நடக்கையில், சுமையைத் தாங்கும் விசை மேல்நோக்கியது; பெயர்ச்சியோ கிடையானது. விசையின் திசையில் வாளி சிறிதும் பெயரவில்லை. ஆகவே அவ்விசை செய்த வேலை சுழியம்!

அப்படியாயின் நம் பாட்டனார் சிந்திய வியர்வை பொய்யோ? அன்று. சுமையைத் தாங்குவதற்குத் தசைநார்கள் இடைவிடாது சுருங்கிக்கொண்டே இருக்கின்றன. உண்ட உணவின் ஆற்றல் அதிற் செலவாகி, பெரும்பகுதி வெப்பமாக வெளிப்படுகின்றது. அதனாலேயே உடல் வியர்த்துக் களைக்கின்றது. நாம் போட்ட கணக்கு வாளிக்கு உரியது. சுமந்தவரின் உழைப்புக்கு உரியதன்று.

மாணவர்களே, 4 கிலோகிராம் புத்தகப்பையை 0.75 மீட்டர் உயர மேசைமீது தூக்கி வைத்தால் எவ்வளவு வேலை? கணக்கிட்டு, இன்று மாலை வேலை முடிந்து வரும் பெற்றோருக்கும் விளக்குங்கள்.