சொந்த மெயில் சர்வர்: வீட்டிலா, வாடகையிலா?

நம் கடிதங்கள் நம் கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. மென்பொருளுக்கும் பஞ்சமில்லை. அஞ்சலை அனுப்பவும் பெறவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துப் படிக்கத் தர டவ்காட். இரண்டும் இலவசம், பழைய கணினியே தாங்கும். ஆனால் அந்தக் கணினி எந்த ஐபி முகவரியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே உங்கள் அஞ்சல் போய்ச் சேரும்.

1. எல்லாமே வீட்டில்

மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசுவது போர்ட் 25 வழியாக. ஸ்பேமைத் தடுக்க, பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் இதை மூடிவிடுகின்றன. பல வீடுகள் ஒரே ஐபியைப் பகிரும் சிஜிநாட் இணைப்பென்றால், வெளி அஞ்சல் நேரடியாக உள்ளே வரவே வழியில்லை. போர்ட் திறந்திருந்தாலும், வீட்டு ஐபிகளை ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹவுஸ் தன் பிபிஎல் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கும். அதைப் பார்க்கும் சர்வர்கள் உங்கள் கடிதத்தை ஏற்காது. நிலையான ஐபியும், அந்த ஐபிக்குரிய பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவும் கிடைப்பவர்கள் மட்டும் இறங்கலாம். சிறிது நேர மின்தடைக்கு அஞ்ச வேண்டாம். அனுப்பும் சர்வர்கள் வழக்கமாக நான்கைந்து நாள் வரை மறுபடி முயலும்.

2. பெறுவது வீட்டில், அனுப்புவது ரிலேயில்

வெளியே போகும் அஞ்சலை மட்டும் போர்ட் 587 வழியாக ஒரு ரிலே சேவையிடம் கொடுத்துவிடலாம். ஐபியின் நற்பெயர் அவர்கள் கவலை. ஆனால் நீங்கள் அனுப்பும் அஞ்சல் அவர்கள் சர்வரைக் கடந்தே போகும். உள்வரும் போர்ட் 25-ம் திறந்திருக்க வேண்டும். கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு இதுவே நல்ல பாதை.

3. வாடகை விபிஎஸ்

வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வரான விபிஎஸில் பிடிஆர் பதிவை நாமே வைத்துக்கொள்ளலாம். மெயில்-இன்-எ-பாக்ஸ் போன்ற தொகுப்பு பெரும்பாலான வேலையை முடித்துத் தரும். இங்கும் சில நிறுவனங்கள் போர்ட் 25-ஐ மூடியே தருகின்றன. பணம் கட்டும் முன் கேளுங்கள். முன்பு அந்த ஐபியை வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால் பழி உங்கள் மேல் விழும். அப்டேட், பேக்கப் இரண்டும் உங்கள் பொறுப்பு.

4. டொமைன் நமது, சர்வர் பிறருடையது

சொந்த டொமைனை ஓர் அஞ்சல் சேவையுடன் இணைக்கலாம். அந்தச் சேவை பிடிக்காவிட்டால், அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றி வேறிடம் போகலாம், முகவரி மாறாது. அஞ்சல்களை ஐமேப் வழியாக வீட்டுக் கணினியில் பிரதி எடுத்துவைத்தால் கடிதங்களும் கையில் இருக்கும்.

எதைத் தேர்ந்தாலும், அஞ்சல் உங்கள் டொமைனிலிருந்தே வந்தது என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமையுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு அஞ்சல் அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கேட்கிறது. நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோரிடம் மூன்றையும் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியே அஞ்சல் அனுப்ப முடிகிறதா என்றும் சோதியுங்கள். முடிந்தால் ஸ்பேமர்கள் விரைவில் வந்துசேர்வார்கள்.

வேலை, வங்கி, குடும்பம் எல்லாம் ஒரே முகவரியை நம்பியிருந்தால் நான்காவது வழியே சரி. மற்ற வழிகளை இன்னொரு டொமைனில் பழகுங்கள். முதலில் சொந்த டொமைன் வாங்குங்கள். சர்வரைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குக் கொண்டுவரலாம்.