பாத்திக்குக் கல்கரை: முதலில் தண்ணீருக்கு வழி

நீலகிரியில் வீட்டுத் தோட்டம்னாலே சரிவுதான். ஒரு நல்ல மழை பெஞ்சா மேல்மண் கீழ்வீட்டுக்குப் போயிடும். பாத்தியைச் சுற்றிக் கல்லும் கலவையும் வெச்சுக் கரை கட்டினால் மண் நிற்கும். ஆனால் அந்தக் கரை தண்ணீரையும் நிறுத்திட்டா இரண்டு கேடு: வேர் அழுகும், ஊறிய மண்ணின் பாரம் சுவரையே தள்ளிவிடும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. இங்கே எதைக் கட்டினாலும் அப்படி ஒரு நாளை மனசில் வெச்சுத்தான் கட்டணும்.

தேயிலைத் தோட்டங்களில் கலவை இல்லாமல் அடுக்கிய பழைய கல்கட்டுகளைப் பாருங்க. இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து போயிடும். கலவை பூசினால் அந்த இடுக்கு அடைபடுகிறது. அதனால் வழியை நாமே விடணும்.

நான் சொல்லும் முறை ஒன்றரை அடி உயரம் வரைக்கும்தான். அதற்கு மேல் என்றால் பொறியாளரைக் கேளுங்க.

1. காலம்: உறைபனியில் ஈரக் கலவை கெட்டுப்போகும்; பருவமழையில் கரைந்து போகும். பிப்ரவரி, மார்ச் நல்லது.

2. அடித்தளம்: ஓரடி அகலம், முக்கால் அடி ஆழம் வாணம் தோண்டி, கெட்டித் தரையில் ஜல்லி போட்டு இடிக்கணும். குழைந்த மண்ணில் கட்டக் கூடாது.

3. கல்: மண் ஒட்டாமல் கழுவி நனைக்கணும். பெரிய கல் அடியில். மேல்வரிசை இணைப்பு கீழ்வரிசை இணைப்புக்கு நேராக வரக் கூடாது. சுவர் மேட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும்.

4. கலவை: சிமெண்ட் 1 பங்கு, மணல் 6 பங்கு. அரை மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் குழைக்கவும்.

5. நீர்வழி: தரைமட்டத்துக்குச் சற்று மேலே, 3 அடிக்கு ஒன்றாகக் குழாய்த்துண்டு வெச்சுக் கட்டவும். வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கணும். உள்ளே அரையடி அகலத்துக்கு ஜல்லி. மண் அடைக்காமலிருக்கத் தேங்காய் நார் போடலாம்.

6. ஈரம்: ஒரு வாரம் சாக்கு போர்த்தி நனைக்கவும். அதன் பிறகே மண் நிரப்பவும்.

இன்னொரு விஷயம். சிமெண்டிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. மழையில் கரைந்து கரையோர மண்ணின் புளிப்பைக் குறைக்கும். புளிப்பு மண்ணில் நீலமாகப் பூக்கிற ஹைட்ராஞ்சியா, சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூப்பது இதனால்தான். பீன்ஸ், முட்டைக்கோசுக்கு இது பாதகமில்லை. உருளையில் சொறி நோய் கூடலாம். தேயிலை நாற்று, ஸ்ட்ராபெர்ரி வைக்கிற பாத்திக்குக் கலவை வேண்டாம். கல்லை அடுக்கினாலே போதும். கரணை, சட்டி கழுவின தண்ணீரையும் பாத்தியில் ஊற்றாதீங்க.

கட்டி முடிச்சதும் ஜல்லியை ஒட்டி நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்க. குழாய் வழியாகத் தெளிவாக வந்தால் வேலை சரி. கலங்கி வந்தால் மண் போகுது, நாரைக் கூட்டணும். ஜூனுக்கு முன்னால் ஒரு தடவை, அக்டோபருக்கு முன்னால் ஒரு தடவை குச்சி விட்டு அடைப்பு எடுத்துடுங்க.