கண்வளர்தல்

உண்ணும் உணவும் பருகும் நீரும் போல உறக்கமும் உயிர்க்கு இன்றியமையாதது. ஆயினும், ஒரு வேளை உண்ணாதவரைக் கண்டு இரங்கும் உலகம், ஓர் இரவு உறங்காதவரைக் கண்டு இரங்குவதில்லை. சிலபோது அவரைப் புகழவும் செய்கிறது. 'விடிய விடியப் படித்தான்' என்பதும், 'கண் துஞ்சாமல் உழைத்தார்' என்பதும் பாராட்டுரைகளாக வழங்குகின்றன. உறக்கத்தை வீண்பொழுது என்று எண்ணுவோரே அதனைக் குறைக்க முற்படுவர். அது வீண்பொழுது அன்று என்பதையும், அதனை முறையாகப் பெறும் வழி இன்னது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

உறக்கத்தைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள. துயில், உறக்கம், தூக்கம், கண்படை என்பன அவற்றுட் சில. தூங்குதல் என்னும் சொல்லுக்குத் தொங்குதல், அசைதல் என்பன பழம்பொருள்கள். வானில் தொங்கிய கோட்டையைப் பழம்புலவர் தூங்கெயில் என்றனர். தொட்டிலிலே தொங்கி அசைந்து கிடக்கும் குழந்தையை எண்ணிப் பார்த்தால், அச்சொல் உறக்கத்தைக் குறிக்க வந்தது நமக்கு வியப்பளிக்காது. குழந்தை உறங்குவதைத் தாய்மார் 'கண்வளர்தல்' என்பர். எத்துணை இனிய சொல்! உடல் வளர்ச்சிக்குரிய சுரப்புநீர் ஆழ்ந்த உறக்கத்திலேதான் மிகுதியாகச் சுரக்கின்றது என்று இன்றைய மருத்துவ நூலார் கூறுகின்றனர். குழந்தை கண்வளரும்போது உடலும் வளர்கிறது.

இத்தகைய உறக்கம் வேண்டும்போதெல்லாம் வருவதில்லை. வா என்றால் ஓடும். துரத்தினால் இன்னும் விலகும். அதனைப் பெறும் நெறியைத் தூத்துக்குடிக் கடற்கரையின் பழந்தொழில் ஒன்று நமக்கு நன்கு விளக்குகின்றது.

பொருநையாறு கடலொடு கலக்கும் பக்கத்திலே பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை விளங்கியது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, கொற்கையையும் குறிப்பிடுகிறது. மதுரை மாநகரின் இரவு யாமம் யாமமாகக் கழிவதையும் விரித்துரைக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, காயல் நகரையும் இக்கடலின் முத்துக்குளிப்பையும் பற்றி எழுதியுள்ளார். பிற்காலத்தில் தூத்துக்குடி அத்தொழிலுக்குத் தலையிடமாயிற்று. 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த சலாபங்களே இக்கரையின் கடைசிப் பெரு முத்துக்குளிப்புகள்.

சலாப நாள்களில் தோணிகள் நள்ளிரவையொட்டிக் கரையை விட்டுப் புறப்படும். காரணம் என்ன? பகலில் வெயிலால் சூடேறிய நிலம் இரவில் விரைந்து குளிர்கின்றது. கடல்நீரோ மெல்லவே குளிர்கின்றது. அதனால் இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அந்நிலக்காற்றைப் பாயில் ஏந்திச் சென்றால் விடியும் வேளையில் முத்துப்பாரை அடையலாம். கதிர் எழுந்தபின் குளிப்பு நடைபெறும். நண்பகலுக்குப்பின் கடற்காற்று எழும்; அது தோணிகளைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

மாணவர்களே! இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். காற்றை வரவழைக்கும் ஆற்றல் எந்தத் தோணிக்காரருக்கும் இல்லை. அது வரும் பொழுதை அறிந்து, பாயும் கயிறும் செம்மையாக வைத்துக் காத்திருப்பதே அவரால் இயன்றது. உறக்கமும் அத்தகையதே. அதனை இழுத்துவர நம்மால் இயலாது. அது வரும் பொழுதை அறிந்து, உடலையும் மனத்தையும் ஆயத்தம் செய்துவைக்க இயலும்.

உறக்கம் வரும் பொழுதை எவ்வாறு அறிவது? நம் உடலினுள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. 1729-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் தெ மெராந் என்பவர், தொட்டாற்சுருங்கி போன்றதொரு செடியை இருட்டறையில் வைத்தார். பகலவன் ஒளி படாத அவ்வறையிலும் அச்செடி பகலில் இலை விரித்தது. இரவில் இலை குவித்தது. காலத்தை உணர்த்தும் ஏதோ ஒன்று உயிருக்குள்ளேயே உண்டு என்பது அதனால் புலனாயிற்று. நம் ஊர்ச் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரமும் மாலையில் இலை குவிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். உயிரணுக்களுள் இக்கடிகாரம் இயங்கும் முறையைப் பழ ஈக்களைக் கொண்டு ஆராய்ந்து கண்டமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் 2017-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்குரிய நோபல் பரிசு பெற்றனர்.

மனிதனுக்குரிய தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில் உள்ளது. கண்வழிச் செல்லும் ஒளியே அதனை நாள்தோறும் திருத்தி வைக்கிறது. இருள் பரவியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் நீரைச் சுரந்து, 'இரவு வந்தது' என்று உடல் முழுமைக்கும் அறிவிக்கின்றது. அவ்வேளையில் கண்ணெதிரே பேரொளி விளங்கினால் சுரப்பு தடைப்படும். படுக்கையில் கைப்பேசியை ஏந்திக் கிடப்பவர், நிலக்காற்று எழும் நேரத்தில் பாயைச் சுருட்டிக் கட்டுபவரை ஒப்பர்.

இனி, வீடுதோறும் இரவில் நிகழும் ஒரு சிறு போராட்டத்தைக் காண்போம். உறங்கும் வேளை வந்ததும் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும். பிறகு இன்னொரு கதை வேண்டும். பிறகு தின்பண்டம் வேண்டும். பகலெல்லாம் உழைத்துக் களைத்த தாய் முதலில் கெஞ்சுகிறாள், பின்னர் அதட்டுகிறாள், இறுதியில் பூச்சாண்டியைக் கூப்பிடுகிறாள். அச்சம் புகுந்த நெஞ்சில் உறக்கம் புகுமோ? கண்ணை இறுக மூடிக்கொண்டு குழந்தை விழித்தே கிடக்கும்.

நம் முன்னோர் கையாண்ட வழி வேறு. அவர்கள் தொட்டில் கட்டினர், பாட்டுப் பாடினர். தால் என்பது நாவைக் குறிக்கும். நாவை அசைத்து இசைப்பதனால் அது தாலாட்டு ஆயிற்று என்பர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் தாலுக்கெனத் தனிப் பருவமே வகுத்தனர். இக்கடற்கரையிலுள்ள செந்தூர் முருகன்மீது பகழிக்கூத்தர் பாடிய திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழிலும் அப்பருவம் உண்டு. தொட்டிலின் அசைவுக்கும் உறக்கத்துக்கும் உள்ள உறவை இக்காலத்தாரும் ஆராய்ந்துள்ளனர். 2019-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வளர்ந்த இளைஞர்களை மெல்ல அசையும் கட்டிலில் உறங்கச் செய்தனர். அவர்கள் அசையாக் கட்டிலில் உறங்கியதைவிட விரைவாகவும் ஆழ்ந்தும் உறங்கினர் என்பது அவ்வாய்வின் முடிவு. சேலையில் தூளி கட்டிய தாய், அதனைத் தன் பட்டறிவால் முன்னமே அறிந்திருந்தாள்.

தொட்டிற் பருவம் கடந்த பிள்ளைக்குத் தொட்டிலாக அமைவது ஒழுங்கு. நாள்தோறும் ஒரே வேளையில் இரவுணவு, பின்னர்க் கைகால் கழுவுதல், விளக்கைத் தணித்தல், ஒரு கதை, அதன்பின் படுக்கை. இவ்வரிசை மாறாது நிகழ்ந்தால், முதற்செயல் தொடங்கும்போதே பிள்ளையின் உடல் இறுதிச் செயலை எதிர்நோக்கும். 'ஒரு கதை' என்றால் ஒரு கதையே. இன்று ஒன்று, நாளை மூன்று என்றால் போராட்டம் மீளும். பெரியோர் தாம் கைப்பேசியை ஒளிரவிட்டுக்கொண்டு, 'நீ உறங்கு' என்பதும் பயன் தராது. வீடு முழுவதும் அமைதியானால் பிள்ளையும் அமைதியுறும்.

ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். வளர்ந்தோர்க்கு 7 மணி நேரமேனும் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. உங்கள் வயதில் உடற்கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பின்தங்கும். ஆதலின் இரவு உறக்கம் தாமதித்து வரும். பெற்றோர் இதனை முற்றும் சோம்பல் என்று கடிதலாகாது. நீங்களும் இதனையே சாக்காகக் கொள்ளலாகாது. விடுமுறை நாளிலும் ஏறத்தாழ ஒரே வேளையில் எழுந்து, காலை வெயில் கண்ணிற்படச் சிறிது உலாவினால் கடிகாரம் செம்மையுறும். தேர்வுக்கு முன்னிரவு முழுதும் விழித்துப் படிப்போர் ஒன்றை நினைவிற் கொள்க: பகலில் கற்றதை மூளை உறக்கத்திலேதான் நிலைப்படுத்துகிறது. உறங்காது படிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதை ஒக்கும்.

பெரியோர்க்கு உறக்கம் கெடுவது பெரும்பாலும் கவலையால். புயல் எச்சரிக்கையால் கடலுக்குச் செல்ல இயலாத மீனவர்க்குக் கடன் நினைவு வரும். மழையால் உப்புப் பாத்தி கரைந்தவர்க்குக் கூலி நினைவு வரும். படுத்த பின்னரே அவை வரிசையாக வந்து நிற்கும். இத்தகையோர், மறுநாள் செய்யவேண்டியதை அந்திப்பொழுதிலேயே தாளில் குறித்துவைத்துவிடுதல் நன்று. நெடுநேரம் உறக்கம் வாராதாயின் பாயில் புரண்டுகொண்டிராமல் எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் சொருகும்போது மீண்டும் படுத்தல் வேண்டும். இல்லையேல் பாயைக் கண்டாலே விழிப்பு வரும் என்னும் நிலை உண்டாகும். மாலையில் தேநீரும் காப்பியும் தவிர்க்கத்தக்கவை. அவற்றிலுள்ள கிளர்ச்சிப்பொருளில் பாதி, ஐந்து மணி நேரம் கழிந்தபின்னும் உடலில் தங்கியிருக்கும். மது உறக்கம் தருவதுபோல் தோன்றிப் பின்னிரவில் அதனைக் கலைத்துவிடும். உறக்கத்தில் பெருங்குறட்டையும் மூச்சுத் தடையும் உடையவர் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

எல்லார்க்கும் இரவே உறங்கும் பொழுதாக அமைவதில்லை. இரவெல்லாம் வலைவீசுவோரும், விடியுமுன் உப்பளம் செல்வோரும், வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் இரவு முறை பார்ப்போரும் தூத்துக்குடியில் பலர். அவர்கள் உழைப்பால் நாம் உண்கிறோம். இரவு உழைத்துக் காலையில் வீடு திரும்பியவர் படுத்திருக்கும்போது சாளரத்தைத் திரையிட்டு இருளாக்குதலும், வானொலியையும் தொலைக்காட்சியையும் தணித்தலும், அண்டை வீட்டுச் சிறுவர் தம் ஆட்டத்தை அப்பால் வைத்துக்கொள்ளுதலும் செய்யத்தக்க உதவிகள். காசு செலவில்லாத அறம் இது.

ஒருவர் உறக்கத்தில் பிறர் உயிரும் அடங்கியிருக்கிறது. முத்துக்குளிப்பவர் கல்லின் துணையால் ஆழத்தில் இறங்குவார். அவருக்குரிய கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் தோணியில் நிற்பார். நீருக்குள் மூச்சடக்கும் காலம் ஏறத்தாழ ஒரு நிமிடமே. கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுத்தாக வேண்டும். நள்ளிரவில் புறப்படும் அவர் அதற்குமுன் கண்ணயராது வந்திருந்தால், பகற்பொழுதில் ஒரு நொடி இமை சோர்ந்துவிடக் கூடும். அந்த ஒரு நொடி கீழே இருப்பவருக்கு எத்தகையது! இன்று விசைப்படகின் சுக்கான் பிடிப்பவரும், துறைமுகத்தில் பாரந்தூக்கியை இயக்குபவரும், உப்பேற்றிய லாரியை இரவில் ஓட்டுபவரும் அத்தகைய கயிற்றையே பிடித்திருக்கின்றனர்.

திருவள்ளுவர் துயிலைக் கடிந்தாரல்லரோ எனச் சிலர் வினவலாம். மடியின்மை என்னும் அதிகாரத்தில், காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், துயில் என்னும் நான்கையும் கெடுவார் விரும்பும் கலம் என்றார் அவர். உரை வகுத்த பரிமேலழகர் அதனை மரக்கலம் என்றே கொண்டார். துயில் அங்குச் சோம்பலோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்டிருத்தலை நோக்குக. செயலுக்குரிய பொழுதில் கொள்ளும் துயில் கெடுவார் ஏறும் கலமாகும். துயிலுக்குரிய பொழுதில் கொள்ளும் துயிலோ மறுநாட் செயலுக்கு ஆற்றல் தரும் உணவாகும். இரண்டையும் ஒன்றென எண்ணி மயங்குதல் கூடாது.

ஆதலின், மாணவர்களே! நாள்தோறும் ஒரே வேளையில் படுத்து ஒரே வேளையில் எழப் பழகுங்கள். படுக்குமுன் ஒளியைத் தணியுங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். மனத்திலுள்ள சினத்தையும் பகையையும் வாயிற்படிக்கு வெளியே விட்டுவிடுங்கள். உங்கள் தம்பி தங்கையர் உறங்க மறுத்தால் அச்சுறுத்தாமல் ஒரு கதை சொல்லுங்கள். பாயை விரித்துக் காத்திருப்பவர்க்குக் காற்று தன் வேளையில் வந்து சேரும்.